கருணைக்கு யார் விலை கொடுப்பது?

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், பழைய சாக்கு விரித்த மரப்பெட்டிக்குள் நான்கு நாய்க்குட்டிகள் உறங்குகின்றன. ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் மலைப்பாதையின் வளைவு ஒன்றில், அட்டைப்பெட்டியில் வைத்து யாரோ விட்டுச் சென்றவை. மூன்று பெட்டை, ஒன்று ஆண். கண் திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. என் மனைவியும் மருமகளும் முறை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டி, எப்படியோ நான்கையும் பிழைக்க வைத்துவிட்டனர்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றபின், 2018-இல் ஜவ்வாது மலைக்குக் குடிவந்தோம். நாய் வளர்க்கும் எண்ணம் அப்போது இல்லை. அடுத்த ஆண்டு மழைநாள் ஒன்றில் வாசலில் வந்து ஒண்டிய பெட்டை நாய் ஒன்று ஐந்து குட்டிகளை ஈன்றது. அவற்றை வளர்த்து, தடுப்பூசி போட்டு, நல்ல வீடுகளாகத் தேடிக் கொடுத்தோம். செய்தி பரவியது. அதன்பின் யார் எங்கே குட்டியைக் கண்டாலும் 'வாத்தியார் வீட்டில் விட்டால் பார்த்துக்கொள்வார்கள்' என்றாகிவிட்டது. நகரத்து இளைஞர்கள் இதை 'ஃபாஸ்டரிங்' என்கிறார்கள். நான் இடைக்கால வளர்ப்பு என்கிறேன். நாய் நமக்குச் சொந்தமில்லை. அதற்கென ஒரு வீடு அமையும் வரை காத்து வளர்த்துக் கைமாற்றிவிடுவதுதான் நம் வேலை.

தொழில் பழக்கம் விடவில்லை. முதல் நாளிலிருந்தே கணக்கேடு வைத்திருக்கிறேன். இப்போதுள்ள நான்கைச் சேர்க்காமல் இதுவரை 41 நாய்கள் வந்திருக்கின்றன. 27 நாய்களுக்கு வீடு கிடைத்தது. 9 இறந்துவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை பார்வோ நோய்க்குப் பலியான குட்டிகள். 2 காணாமற்போயின. யாரும் கேட்காத 3 எங்களுடனேயே தங்கிவிட்டன. ஒரு குட்டியை ஏற்றுக்கொண்டு, குடற்புழு நீக்கி, தடுப்பூசிகள் போட்டு, வீடு தேடி அனுப்பச் சராசரியாக 4,200 ரூபாய் செலவாகியிருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்துக்கு இது தாங்கக்கூடிய செலவே. ஆனால் இக்கணக்கில் ஒரு வரி விடுபட்டிருப்பதை 2022-இல்தான் அறிந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

தெருநாய்கள் குறித்து நாடே விவாதித்த ஆண்டு 2025. ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் தாமாக முன்வந்து இவ்விவகாரத்தை விசாரணைக்கு எடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர் தில்லி வட்டாரத்தின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும், மீண்டும் தெருவில் விடக் கூடாது என்றும் ஆணையிட்டது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியமைத்தது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் தாக்கியவை, தாக்கியதாக ஐயத்துக்குரியவை, மூர்க்கமானவை ஆகியவற்றை மட்டும் விடக் கூடாது என்றது. விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து நாய்களைத் தத்தெடுக்கலாம், ஆனால் தத்தெடுத்தவை மீண்டும் தெருவுக்கு வரக் கூடாது என்பதும் அந்த ஆணையில் உண்டு. வழக்கின் எல்லை நாடு முழுவதற்கும் விரிந்தது. நவம்பர் 7 அன்று, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று புதிய ஆணை பிறந்தது.

ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் நாடு இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றது. நாய்களை ஒழித்துக்கட்டு என்றது ஓர் அணி. நாய்களைத் தொடாதே என்றது மற்றோர் அணி. நாய்களோடு வாழ்கிற என்னை இரண்டாம் அணியில் சேர்த்துவிடுவது எளிது. 2022 அக்டோபர் வரை நானும் அங்கேதான் இருந்தேன்.

அம்மாதத்தில், மலையைச் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லி ஒரு குட்டியை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றது. இரண்டரை மாதம் இருக்கலாம். தடுப்பூசி போடும் மூன்று மாத வயதுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மறுநாள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து விளையாட வந்த மூன்றாம் வகுப்புச் சிறுவன் அதற்குப் பிஸ்கட் கொடுத்தபோது விரலில் பற்பட்டு இரத்தம் கசிந்தது. குட்டிப் பல்தானே என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம். மூன்றாம் நாள் குட்டி தண்ணீர் குடிக்க மறுத்தது. தாடை தொங்கி எச்சில் வழிந்தது. ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. மூளையின் மாதிரியை உரிய காலத்தில் ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லாத நிலையில், 'ரேபிஸ் என்றே வைத்துக்கொண்டு உடனே ஊசி போடுங்கள்' என்றார் கால்நடை மருத்துவர்.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். எங்களிடம் கார் இருந்தது. கையில் பணம் இருந்தது. அந்தச் சிறுவனின் நிலை வேறு. இரத்தம் கசிந்த காயம் என்பதால் தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாள்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கிருமி நரம்பைப் பற்றிவிடாமல் உடனடியாகத் தடுப்பது இம்மருந்துதான். மலையிலிருந்து இறங்கிப் போன முதல் மருத்துவமனையில் அது இருப்பில் இல்லை. இரண்டாவது இடத்துக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதன்பின் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என மேலும் மூன்று முறை. நான்கு முறையும் தாயும் தந்தையும் உடன் போனார்கள். சாமை அறுவடைக் காலத்தில் எட்டு நாள் உழைப்பு போயிற்று.

செலவை நான் ஏற்றுக்கொண்டேன். இழந்த கூலியையும் கொடுத்தேன். சிறுவன் நலமாக இருக்கிறான்; இன்று ஆறாம் வகுப்புப் படிக்கிறான். ஆனால் கடைசி ஊசி போட்டுத் திரும்பிய அன்று அவனுடைய தாய் சொன்ன வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கோபம் இல்லாமல்தான் சொன்னாள்: "பாவம்னு நீங்க தூக்கினு வந்தீங்க சார். பயம் எங்க வூட்டுக்கு வந்துடுச்சு."

முப்பது ஆண்டுகளாகப் 'புறவிளைவு' என்ற கருத்தை வகுப்பறையில் விளக்கியிருக்கிறேன். ஆலைக்காரர் இலாபம் பார்க்கிறார். கழிவுநீர் ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவனின் வயலுக்குப் போகிறது. இழப்பு ஆலையின் பேரேட்டில் ஏறுவதில்லை. அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் எனக்கு அதே பாடத்தை நடத்திவிட்டாள். என் இரக்கத்தின் மனநிறைவு என் வீட்டில் தங்கியது. அதன் ஆபத்தின் பெரும்பங்கு, ஒப்புதல் கேட்கப்படாத இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. என் கணக்கேட்டில் விடுபட்டிருந்த வரி இதுதான்.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமன்று. 2024-இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ரேபிஸ் என ஐயுறப்பட்ட மரணங்கள் 54. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் கடிகளும் 43 மரணங்களும் பதிவாகியுள்ளன. இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டைத் தவிர்த்த இந்தியா முழுவதிலும் பதினொரு பேர்தான் இறந்தார்கள் என்றாகும். இதை யாரும் நம்ப மாட்டார்கள். நாடு தழுவிய அளவில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வின் அடிப்படையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வாளர்கள், ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிட்டுள்ளனர். நோய் முற்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் ஏறக்குறைய எவரும் இறப்பதில்லை. எனவே ஒவ்வொரு ரேபிஸ் மரணமும் ஏதோவொரு பொது ஏற்பாடு தவறியதன் பதிவு. தவறுவது பெரும்பாலும் ஏழைகளுக்கும் குழந்தைகளுக்கும் தொலைதூரத்தில் வாழ்வோருக்கும்தான்.

அப்படியானால் நாய்களை அகற்றிவிடுவதுதானே வழி என்று கேட்கலாம். தமிழகத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 1860-இல் தொடங்கியது. நாளொன்றுக்குச் சில நாய்கள் என்று தொடங்கி, 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 வரை கொல்லும் நிலைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொன்றும் நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் ஒழியவில்லை. தெருவில் குப்பையும் உணவும் இருக்கும் வரை, ஓரிடத்தில் நாயை அகற்றினால் பக்கத்திலிருந்து வேறொன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் வலியுறுத்தி வந்த கருத்தடைத் திட்டத்தை 1996-இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 2001-இல் அதுவே நாடு முழுவதற்குமான விதியாயிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

ஆனால் கருத்தடை ஆதரவாளர்களும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்திட்டத்தின் தாயகமான சென்னையிலேயே, 2024 கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம், அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை சினைப்படக்கூடும். நான்கில் மூன்று பங்கை விட்டுவிட்டு ஒரு பங்குக்கு மட்டும் அறுவை செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பானது. திட்டம் தவறானதன்று, அரைகுறையாகச் செய்யப்பட்டது. அரைகுறைத் திட்டத்தின் செலவும் ஏறத்தாழ முழுத் திட்டத்தைப் போன்றதே. பயன் மட்டும் இல்லை.

முழுமையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கோவாவில் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போட்டனர். பள்ளிகளில் பாடம் நடத்தினர். ஐயத்துக்குரிய நாய் குறித்துத் தகவல் தரத் தொலைபேசி வசதி செய்தனர். மனிதர்களில் ரேபிஸ் மரணம் நின்றுபோய், 2021-இல் கோவா 'ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என அறிவிக்கப்பட்டது. பூடான் 2023-இல், தன் நாட்டுத் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்துவிட்டதாக அறிவித்தது. இரண்டு இடங்களும் பணக்கார நாடுகள் அல்ல. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் விடாமல் செய்தார்கள் என்பதே வேறுபாடு.

இனிக் காப்பகங்களைப் பார்ப்போம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தெருநாய்கள் 1.53 கோடி. எல்லாவற்றையும் அடைத்து, ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு உணவுக்கு மட்டும் 40 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுச் செலவு 22,000 கோடி ரூபாயைத் தாண்டும். கட்டடம், மருத்துவம், ஊழியர் ஊதியம் தனி. ஒரு நாய்க்குத் தடுப்பூசி போட ஆள்கூலி, வாகனம் உட்பட 300 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும், 70 விழுக்காட்டுக்கு ஆண்டுச் செலவு 325 கோடிக்குள் அடங்கும். கருத்தடைக்குக் கூடுதலாகும், ஆனால் அது ஒரு நாய்க்கு ஒருமுறைச் செலவு. இவை என் எளிய கணக்குகள். ஊகங்களை இரு மடங்காக்கிப் பார்த்தாலும் முடிவு மாறாது. பள்ளி வளாகத்திலும் மருத்துவமனையிலும் நாய்கள் திரியக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவ்விடங்களின் நாய்களுக்குக்கூடப் போதிய காப்பகம் இல்லாத நிலையில், அவை பிடிக்கப்பட்டு எங்கே போகும்? பல நேரங்களில் ஊருக்கு வெளியே, காட்டோரம், மலையடிவாரம். அதாவது, எங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு.

நகரத்தின் நாய்ச் சிக்கலை மலை சுமப்பது புதிதன்று. ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களுக்கு நாய் வேண்டாத உயிரன்று. சாமைக் கொல்லையில் இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் குரல் கொடுப்பது நாய்தான். ஆனால் அவர்கள் விரும்புவது ஆண் நாயை. பெட்டை ஈனும், ஈன்றால் சோறு போட வேண்டும். எங்களிடம் வந்த 41-இல் 29 பெட்டைகள். கருத்தடை எட்டாத ஊர்களில் பெட்டைக் குட்டியாகப் பிறப்பதே குற்றமாகிவிடுகிறது. கீழ்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர் சிலர், அருவியும் படகுத் துறையும் பார்க்க வரும்போது வேண்டாத குட்டிகளையும் கொண்டுவந்து விட்டுச் செல்கிறார்கள். 'காற்றோட்டமான இடம், பிழைத்துக்கொள்ளும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள் போலும். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! பல பத்தாண்டுகளாக அத்தொகை மாறவில்லை. ஓர் உயிரைக் கைவிடுவதற்கான விலை, ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைவிடக் குறைவு.

இந்நிலையில் எங்களைப் போன்ற இடைக்கால வளர்ப்புக் குடும்பங்களின் இடம் என்ன? பல நகரங்களிலும் இத்தகைய குடும்பங்கள் பெருகியுள்ளன. காப்பகம் கட்டும் செலவு இல்லை. குட்டிகள் மனிதரோடு பழகி வளர்கின்றன. தத்தெடுப்போர் நம்பிக்கையோடு ஏற்றுக்கொள்கின்றனர். நீதிமன்றம் சொன்ன தத்தெடுப்பு நடைமுறையில் இயங்க வேண்டுமானால், தெருவுக்கும் நிரந்தர வீட்டுக்கும் நடுவே இப்படியொரு படி கட்டாயம் தேவை. ஆனால் நிர்வாகத்தின் கண்ணுக்கு இப்படி தென்படுவதில்லை. அதற்குத் தெரிந்தவர்கள் மூவர்: உரிமையாளர், தெருநாய்க்கு உணவிடுபவர், காப்பகம் நடத்தும் அமைப்பு. நாங்கள் மூன்றிலும் சேராதவர்கள். அதனால் எங்களுக்கு உதவியும் இல்லை, எங்கள்மீது கட்டுப்பாடும் இல்லை. முதலாவதைவிட இரண்டாவதே எனக்கு இப்போது கூடுதல் கவலை தருகிறது. 2022-இல் என் வீட்டில் நடந்ததைத் தடுத்திருக்கக்கூடிய எந்த விதியும் இல்லை. கேட்க எந்த அலுவலரும் இல்லை.

எனவே என் முதல் கோரிக்கை எங்களைப் போன்றவர்களுக்கே எதிரானது எனத் தோன்றலாம். இடைக்கால வளர்ப்புக் குடும்பங்கள் உள்ளாட்சியிலும் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலும் பதிவுசெய்துகொள்வது கட்டாயமாக வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை நாய்கள் என்பதற்கு வரம்பு வேண்டும். குட்டிகளைக் கையாளும் பெரியவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போடாத புதிய குட்டியை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் தொட விடக் கூடாது. கீறலோ கடியோ நேர்ந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது வளர்ப்பவரின் பொறுப்பு. நாங்கள் இவற்றை இப்போது செய்கிறோம். ஒரு சிறுவனின் விரலில் இரத்தம் கசிந்தபின் செய்கிறோம் என்பதே என் வெட்கம்.

இரண்டாவது கோரிக்கை அரசிடம். இவ்வாறு பதிவுசெய்த குடும்பங்கள் ஏற்கும் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒரு குடும்பம் இரண்டு மாதம் தன் செலவில் சோறு போட்டு வளர்க்கிறது. அரசு அதற்கு ஓர் ஊசியும் ஓர் அறுவையும் தருவது நல்ல பேரம்தான்.

மூன்றாவது, மலை ஒன்றியங்களுக்கெனத் தனி ஏற்பாடு. கருத்தடை மையங்கள் மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் ஒட்டியே அமைகின்றன. மலைக் குக்கிராமத்திலிருந்து ஒரு நாயை எந்தப் பேருந்தில் ஏற்றிக் கீழே கொண்டுபோவது? மருத்துவமும் மருத்துவரும் நாயைத் தேடி மேலே வர வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, அறுவைக் கருவிகளோடு ஒரு வாகனம் ஊராட்சி ஊராட்சியாக வந்தால், ஒரு சில ஆண்டுகளில் இம்மலையின் நாய்களில் பெரும்பங்கைக் கருத்தடை செய்துவிடலாம். கால்நடைகளுக்குக் கோமாரித் தடுப்பூசியை ஊர் ஊராகச் சென்று போடும் துறைக்கு இது புதிய கலையன்று.

நான்காவது, மனிதர்க்கான மருந்து. அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் ரேபிஸ் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது நவம்பர் 7 ஆணையிலேயே உள்ளது. நாய்களை அகற்றும் பகுதிக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இப்பகுதிக்குக் கிடைக்கவில்லை. உயிர் காப்பது இதுதான். மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து இந்த இருப்பை உறுதிசெய்யத் தொடங்க வேண்டும்.

இரக்கமுள்ள குடும்பங்களால் ரேபிஸை ஒழிக்க முடியாது. ஆறு ஆண்டுகளில் நாங்கள் வீடு தேடித் தந்த 27 நாய்கள், 1.53 கோடியில் கண்ணுக்குத் தெரியாத துளி. தடுப்பூசி, கருத்தடை, மருந்து இருப்பு ஆகியவை சாலையையும் குடிநீரையும் போன்ற பொதுப் பண்டங்கள்; அரசுதான் வழங்க முடியும். அரசு அதைச் செய்யாதபோது, எங்களைப் போன்றோரின் இரக்கம் அந்த வெற்றிடத்தை மூடி மறைக்கும் திரையாகிவிடுகிறது. அத்திரைக்குப் பின்னே கடிபடுவது யாரோ ஒருவருடைய குழந்தை. அரசு அதைச் செய்துவிட்டால், இதே குடும்பங்கள் காப்பகங்கள் செய்ய முடியாததைச் செய்து காட்டும்.

சென்ற வாரம் அந்தச் சிறுவனின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லையில் பன்றித் தொல்லை. காவலுக்கு ஒரு நாய் வேண்டுமாம். மூன்று ஆண்டுகளில் எங்கள் வாசலில் அவள் நாய் கேட்டு வந்தது அதுவே முதல் முறை. பெட்டிக்குள் இருந்த குட்டிகளைப் பார்த்தாள். குனிந்து தொடவில்லை. "ஊசி போட்ட அட்டை எப்ப தருவீங்க சார்?" என்று கேட்டாள். மூன்று மாதம் நிறைந்ததும் தடுப்பூசி போட்டு அட்டையோடு தருகிறேன் என்றேன். ஆண் குட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பெட்டைகளில் ஒன்று அவளுடைய காலடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. "இதுக்கும் ஆபரேசன் பண்ணித் தந்தீங்கன்னா இதையே எடுத்துக்கிறேன்" என்றாள். தடுப்பூசி அட்டைக்கு நான் பொறுப்பேற்க முடிந்தது. அந்த அறுவைக்கு என்னால் நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை.